இயந்திரத்தில் இறுகிய, தலை தேய்ந்த திருகாணிகளை அகற்றுதல்

இறுகிய திருகாணிகளை அகற்றுதல் என்பது துரு, உப்பு, வெப்பம் அல்லது தவறான கருவி காரணமாகக் கழற்ற முடியாமல் போன திருகாணிகளை, அவை பொருந்தியிருக்கும் இயந்திர உடலுக்குச் சேதமில்லாமல் வெளியே எடுக்கும் பழுதுபார்ப்பு வேலை ஆகும். பட்டறை வழக்கில் ஸ்குரூ, போல்ட், ஸ்டட் என மூன்று பெயர்களில் வழங்கும் மரை வெட்டிய ஆணிகள் அனைத்தையும் இக்கட்டுரை திருகாணி என்றே குறிப்பிடுகிறது.

ஒரு 6 மில்லிமீட்டர் திருகாணியின் விலை சில ரூபாய். அது பூட்டியிருக்கும் கிராங்க்கேஸ் அல்லது சிலிண்டர் ஹெட்டின் விலை ஆயிரக்கணக்கில் போகும். இந்த வேலையின் முறைகள் எல்லாம் இந்த விலை வேறுபாட்டிலிருந்தே பிறந்தவை. திருகாணி வளையலாம், உடையலாம், தூளாகலாம். அதைச் சுற்றியுள்ள அலுமினியம் கெடக்கூடாது. அவசரத்தில் இது தலைகீழாகிவிடுகிறது. திருகாணியைக் காப்பாற்றப் பார்த்து எஞ்சினைக் கெடுத்தவர்கள் ஏராளம்.

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில், வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே பாலாற்றங்கரையில் அமைந்த பள்ளிகொண்டா போன்ற ஊர்களின் சாலையோரப் பட்டறைகளுக்கு இது அன்றாட வேலை. லாரி, வேன், மொபெட், கிணற்று டீசல் எஞ்சின் என எது வந்தாலும் முதல் தடை பெரும்பாலும் கழலாத ஒரு திருகாணிதான். தோல் பதனிடும் பகுதியாக இருப்பதால் இங்கே அதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. அது உப்பு.

உப்பு செய்யும் வேலை

கால்நடையிலிருந்து உரித்த பச்சைத் தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு அளவுக்கு உப்பு தடவி அடுக்குவது வழக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆலைகளுக்கு இப்படி உப்பிட்ட தோல் வண்டிகளில் வந்து சேர்கிறது. தோலிலிருந்து வடியும் உப்புநீர் வண்டித் தளத்தின் இடுக்குகள் வழியே கீழே சொட்டுகிறது. சேஸிஸ், சைலன்சர் பிடிகள், கியர் பெட்டியின் அடிப்பகுதி எல்லாம் அதில் நனைகின்றன.

நீரும் உதவுவதில்லை. பாலாற்றுப் படுகையில் ஆலைக் கழிவுநீரால் நிலத்தடி நீர் கெட்டது நாடறிந்த வழக்கானது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதை எடுத்துக்காட்டியது. சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்களுக்கு அது பெயர்பெற்ற தீர்ப்பு. மெக்கானிக்குக்கு அது வேறு விதமாகத் தெரியும். உவர்ப்பான கிணற்று நீரில் கழுவிய வண்டியும், அதே நீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய எஞ்சினும் கழற்றும்போது சண்டை போடும்.

இதன் பின்னணி எளிய வேதியியல். அலுமினிய உடலில் எஃகுத் திருகாணி இருக்க, இரண்டுக்கும் நடுவே உப்புநீர் புகுந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. இதில் அரிக்கப்படுவது பெரும்பாலும் அலுமினியமே. அரித்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறி மரையின் இடைவெளியை அடைக்கிறது. எஃகு துருப்பிடித்தாலும் நிலை இதுவே. துரு, தான் உருவான இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கே இடைவெளி உள்ள மரையில் இப்படி ஒரு பொருள் வீங்கினால், திருகாணி ஆப்பு வைத்தது போல் இறுகிவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போட்டால் தீர்வு என்று பலர் எண்ணுகிறார்கள். திருகாணி துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் சுற்றியுள்ள அலுமினியம் இன்னும் விரைவாக அரிக்கும்.

உப்பு மட்டுமே காரணம் அல்ல. சைலன்சர் பிடிக்கும் ஸ்டட்கள் பலமுறை சுட்டு ஆறியே இறுகுகின்றன. சில இடங்களில் தயாரிப்பாளரே மரைப் பசை பூசியிருப்பார். இந்தப் பசையில் சிவப்பு வகை சுமார் 250 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றினால்தான் இளகும். இன்னும் சில திருகாணிகள் இடமரை கொண்டவை. யமஹா வண்டிகளின் வலப்பக்கக் கண்ணாடியின் தண்டு இதற்குப் பழக்கமான எடுத்துக்காட்டு. அதை வழக்கமான திசையில் கழற்ற முயன்றால் இறுக்கிக்கொண்டே இருப்போம். விசையைக் கூட்டுவதற்கு முன் எதனால் இறுகியது என்று பார்த்துக்கொள்வது நல்லது. வெள்ளைப் பொடி தெரிகிறதா, செந்துரு தெரிகிறதா, தலையைச் சுற்றிப் பசை தெரிகிறதா என்று ஒரு நிமிடம் பார்த்தாலே பாதி வழி புரிந்துவிடும்.

தலை ஏன் தேய்கிறது

பட்டறைகளில் ‘ஸ்டார்’ என்று அழைக்கப்படும் குறுக்குவெட்டுத் தலை இருவகைப்படும். ஒன்று அமெரிக்கர் ஹென்றி பிலிப்ஸ் 1930-களில் பரப்பிய பிலிப்ஸ் வகை. மற்றொன்று ஜப்பானியத் தர நிர்ணயத்தைச் சேர்ந்த ஜேஐஎஸ் வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பிலிப்ஸ் திருப்புளியின் முனை சரிந்து குறுகுவதால், விசை கூடும்போது அது பள்ளத்திலிருந்து மேலேறி நழுவும். ஜேஐஎஸ் பள்ளத்தில் பிலிப்ஸ் முனை முழு ஆழத்துக்கு இறங்குவதும் இல்லை. 1980-களில் ஜப்பானியக் கூட்டில் இந்தியாவில் உருவான ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100, டிவிஎஸ்-சுசுகி போன்ற வண்டிகளோடு இந்தத் தலைகளும் ஊரெங்கும் பரவின. ஜேஐஎஸ் திருகாணியின் தலையில் பெரும்பாலும் ஒரு சிறு புள்ளி இருக்கும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைப் பிடிக்கும் திருகாணிகளில் இதைக் காணலாம்.

அளவும் முக்கியம். 5 மில்லிமீட்டர் வரையிலான திருகாணிக்கு 2-ஆம் எண் முனையும், 6 மில்லிமீட்டருக்கு 3-ஆம் எண் முனையும் வேண்டும். பல பட்டறைகளில் ஒரே 2-ஆம் எண் திருப்புளியே எல்லாவற்றுக்கும் கைமாறுகிறது. கிராங்க்கேஸ் மூடியின் திருகாணித் தலைகள் வட்டக் குழியாகிக் கிடப்பதற்குத் துருவைவிட இந்தப் பழக்கமே பெரிய காரணம் என்று சொல்லலாம். பள்ளத்தில் சேறு நிறைந்திருந்தாலும் முனை முழுதாக இறங்காது. எனவே முதலில் ஒரு கூர்முனையால் பள்ளத்தைச் சுத்தம் செய்ய வேண்டும்.

எண்ணெய், தட்டல், சூடு

சேதம் குறைந்த முறையிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கடுமையான முறைக்குச் செல்வதே இந்த வேலையின் ஒழுங்கு.

முதலில் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்துவிட்டு ஊடுருவும் எண்ணெய் விட வேண்டும். டபிள்யூடி-40 பலருக்கும் தெரிந்த பெயர். 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நீரை விலக்கித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்ட கலவை அது. ஊரகப் பட்டறைகளில் மண்ணெண்ணெயும் டீசலும் இதே வேலைக்குப் பயன்படுகின்றன. எந்த எண்ணெயாக இருந்தாலும் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். மாலையில் விட்டு, இரவில் ஒருமுறை மீண்டும் விட்டு, காலையில் கழற்றுவது நல்லது. வாடகை வண்டிக்காரர் பக்கத்திலேயே நின்று ‘ஆச்சா, ஆச்சா’ என்று கேட்கும்போது இது கடினம்தான். அன்றைய ஓட்டம் போனால் அன்றைய வருமானம் போயிற்று. ஆனால் ஓர் இரவின் பொறுமையைவிட ஒரு ஹெட்டின் விலை அதிகம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வதும் மெக்கானிக்கின் வேலையில் சேர்ந்ததே.

அடுத்தது தட்டல். திருகாணித் தலையின் மேல் பஞ்சை வைத்துச் சுத்தியலால் நேராகச் சில அடிகள் கொடுத்தால், மரையில் ஒட்டிய துரு நொறுங்கி எண்ணெய் உள்ளே இறங்கும். இந்தத் தட்டலையும் திருப்பலையும் ஒன்றாகச் செய்யும் கருவி இம்பாக்ட் திருப்புளி. அதன் பின்புறம் சுத்தியலால் அடிக்கும்போது, உள்ளே உள்ள சரிவு அந்த அடியைச் சிறு சுழற்சியாக மாற்றுகிறது. அதே நொடியில் முனையைப் பள்ளத்துக்குள் அழுத்தவும் செய்கிறது. முனை மேலேறி நழுவ வாய்ப்பே தருவதில்லை. கிராங்க்கேஸ் மூடிகளுக்கு இதைவிடப் பொருத்தமான கைக்கருவி கிடையாது. கார்புரேட்டரில் மட்டும் இதைப் பயன்படுத்தவே கூடாது. அந்த மென்மையான வார்ப்பு ஒரே அடியில் வெடித்துவிடும்.

திருகாணி அசையத் தொடங்கியதும் ஒரே மூச்சில் சுழற்றி எடுக்க ஆசை வரும். அப்போதுதான் பல திருகாணிகள் முறிகின்றன. கால் சுற்று தளர்த்தி, சற்றே திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்த வேண்டும். பொடியான துரு இப்படித்தான் வெளியே வரும். முற்றிலும் அசையாத திருகாணியைக்கூட முதலில் இம்மியளவு இறுக்கிப் பார்த்தால் பிடி விடுவதுண்டு. ஸ்பேனரில் குழாயை மாட்டி நீட்டுவது இன்னொரு ஆபத்து. 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 10 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்தாலே சுமார் 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு உண்டாகும். சாதாரண 6 மில்லிமீட்டர் திருகாணியை இறுக்கப் பரிந்துரைக்கப்படும் அளவு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர்தான். குழாய் போட்ட கை இதை உணராது.

எண்ணெயும் தட்டலும் பலிக்காதபோது சூடு. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 6 மில்லிமீட்டர் துளையைச் சுற்றியுள்ள உடலையும் திருகாணியையும் 100 டிகிரி சூடாக்கினால், துளை திருகாணியைவிடக் கூடுதலாக ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 6 முதல் 7 பங்கு விரிகிறது. கேட்க மிகச் சிறியது. ஆனால் துருவின் பிடியை உடைக்க இது போதும். ஆகவே சுடரைத் திருகாணி மேல் காட்டாமல் அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தில் காட்ட வேண்டும். ஒரு துளி நீர் பட்டதும் சீறி ஆவியானால் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள். வார்ப்பிரும்பு உடலில் எஃகு ஸ்டட் இருந்தால் இந்த விரிவு வேறுபாடு சிறிதே. அங்கே ஸ்டட்டையே சுட வைத்து, அது ஆறும்போது மரையோரம் மெழுகுவத்தியைத் தொட்டால் உருகிய மெழுகு உள்ளே இழுக்கப்பட்டு வழுக்கும். சூட்டு வேலைக்கு முன் பெட்ரோல் டாங்கைக் கழற்றித் தள்ளி வைப்பதும், தெளித்த எண்ணெயைத் துடைப்பதும் கட்டாயம். மண்ணெண்ணெய் நனைந்த எஞ்சினில் சுடர் காட்டிய வண்டி எரிவதற்குச் சில நொடிகள் போதும்.

தலை போன பிறகு

பள்ளம் வட்டமாகிவிட்டாலும் தலை இன்னும் வெளியே இருந்தால் வழி உண்டு. தலையின் விளிம்பில் கூரான உளியை வைத்து, கழலும் திசையில் சாய்வாகத் தட்டுவது பழைய முறை. தலை உயரமாக இருந்தால் வைஸ் கிரிப் பிளையரால் பிடித்துத் திருப்பலாம். வாள் அலகால் தலையின் குறுக்கே ஒரு நேர்ப்பள்ளம் வெட்டித் தட்டைத் திருப்புளியாலும் முயலலாம்.

இவை பலிக்காவிட்டால், தலையைத் துளையிட்டே அகற்றிவிடுவது பெரும்பாலும் புத்திசாலித்தனம். புதியவர்களுக்கு இது தோல்வி போலத் தோன்றும். ஒரு திருகாணியை இறுக்கும்போது நாம் தரும் முறுக்கில் ஏறக்குறைய பாதி தலைக்கு அடியில் உள்ள உராய்விலேயே செலவாகிறது. மரையின் உராய்வில் சுமார் 40 விழுக்காடு போகிறது. மூடியை அழுத்திப் பிடிக்கும் இழுவிசையாக மாறுவது மீதமுள்ள பத்தில் ஒரு பங்கே. தலை போனால் அந்தப் பாதி உராய்வும் போயிற்று, இழுவிசையும் தளர்ந்தது. மூடியைக் கழற்றிய பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை வைஸ் கிரிப்பால் பிடித்தால், அதுவரை அடம்பிடித்த திருகாணி சில நேரம் விரலால் சுற்றினாலே வந்துவிடும்.

தண்டு உடலுக்குள்ளேயே முறிந்தால் வேலை கடினமாகிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர் பிரிவு மாணவர்களுக்கு இது தனிப் பாடமாகவே உண்டு. மேற்பரப்புக்கு அருகில் முறிந்திருந்தால் பஞ்சின் முனையால் விளிம்பில் தட்டித் திருப்புவது, சற்று வெளியே நீட்டியிருந்தால் அரத்தால் சதுரமாக்கி ஸ்பேனர் போடுவது, நடுவில் துளையிட்டுச் சதுரக் கூம்புப் பஞ்சை இறக்கித் திருப்புவது, ஈசி அவுட் போடுவது, முழுவதும் துளையிட்டு எடுப்பது ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. வெல்டிங் வசதி உள்ள பட்டறையில் இவற்றை எல்லாம்விட நம்பகமான முறை, முறிந்த தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து அதன் துளை வழியே வெல்டிங் செய்வது. எஃகுக்குப் போடும் வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது. வெல்டிங்கின் சூடு துருவின் பிடியையும் உடைக்கும். நட்டு சற்று ஆறியதும் ஸ்பேனரால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் தண்டு வெளியே வரும். முதல் தடவை நட்டு மட்டும் பிய்ந்து வருவது இயல்பு. மூன்று, நான்கு தடவை பற்றவைக்கத் தயங்கக் கூடாது. 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி இருப்பதால், வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். எர்த் பிடியையும் வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். இல்லையேல் மின்னோட்டம் பேரிங் வழியே பாய்ந்து அதைக் கெடுக்கும்.

துளையிடுவதானால் நடுப்புள்ளியே எல்லாம். முறிந்த முகம் கரடுமுரடாக இருப்பதால் துரப்பண முனை நழுவி மென்மையான அலுமினியத்தின் பக்கம் சாயும். முதலில் முகத்தைச் சமமாக்கி, சென்டர் பஞ்சால் நடுவில் குழி இட்டு, 2.5 அல்லது 3 மில்லிமீட்டர் முனையில் மெதுவான வேகத்தில் தொடங்க வேண்டும். லேத் பட்டறையில் துளையின் அளவுக்குப் பொருந்தும் ஒரு வழிகாட்டி புஷ் கடைந்து வாங்கிக்கொண்டால் நடு தவறாது. அதற்கான செலவு வீண் அல்ல. இடப்பக்கம் சுழன்று வெட்டும் துரப்பண முனை கிடைத்தால் அதுவே சிறந்தது. துளையிடும்போதே திருகாணி கழன்று முனையோடு வந்துவிடுவது உண்டு.

ஈசி அவுட்டைப் பற்றி எச்சரிக்கை தேவை. இடப்பக்கச் சுருள் கொண்ட இந்தக் கூம்புக் கருவி, துளைக்குள் இறங்க இறங்கத் திருகாணியை உள்ளிருந்து விரிக்கிறது. ஏற்கெனவே இறுகிய திருகாணி இதனால் இன்னும் இறுகும். பெரிய ஸ்டட்களில், தலை மட்டும் முறிந்து மரை இறுகாத இடங்களில் இது நன்றாக வேலை செய்யும். 6 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவானதுமான, துருப்பிடித்த திருகாணியில் இதைப் போடுவது சூதாட்டம். கடினப்படுத்திய எஃகால் ஆன ஈசி அவுட் உள்ளே முறிந்தால் சாதாரணத் துரப்பண முனை அதைத் தொடக்கூட முடியாது. பிறகு மிஞ்சுவது கார்பைடு முனை, அல்லது டூல் ரூம்களில் உள்ள மின்பொறி அரிப்பு எந்திரம். இந்த எந்திரத்தின் வரலாறே இந்தத் தொல்லையோடு பிணைந்தது. 1943-இல் சோவியத் ஒன்றியத்தில் லசாரெங்கோ தம்பதியர் இம்முறையை உருவாக்கினர். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் சிலர் அலுமினிய வார்ப்புகளில் முறிந்து சிக்கிய டேப்களை எடுக்க மின்பொறியைப் பயன்படுத்தத் தொடங்கினர்.

செலவில்லாத வேதி முறை ஒன்றும் உண்டு. படிகாரத்தை நீரில் நிறையக் கரைத்துச் சூடாக்கினால் அந்த இலேசான அமிலக் கரைசல் எஃகை மெல்லக் கரைக்கும். பித்தளையை அவ்வளவாகத் தொடாது. கடிகாரம் பழுதுபார்ப்போர் பித்தளைத் தட்டில் முறிந்த எஃகுத் திருகாணிகளை இப்படித்தான் அகற்றுகின்றனர். தோல் பதனிடுதலின் மிகப் பழைய பொருள்களில் படிகாரமும் ஒன்று என்பதால் வேலூர் பக்கத்துக்கு அது அந்நியமல்ல. தனியாகக் கழற்றிய சிறு அலுமினிய உறுப்புகளிலும் இதை முயலலாம், ஆனால் மேற்பரப்பு மங்கும். மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ பொறுக்க வேண்டும். எஃகு புஷ், பேரிங் உள்ள உறுப்பையும், துத்தநாகக் கலவையால் ஆன கார்புரேட்டர் உடலையும் இக்கரைசலில் போடக்கூடாது. துருப்பிடிக்காத எஃகு இதில் கரையாது.

மரையும் மறுபூட்டலும்

திருகாணி வெளியே வந்ததும் துளையில் அதே அளவு டேப்பைக் கையால் விட்டு மரையைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு முன் எஞ்சினின் திறந்த வாய்களைத் துணியால் அடைத்திருக்க வேண்டும். உள்ளே விழுந்த ஓர் எஃகுச் சீவல் எண்ணெய்ப் பம்பைக் கெடுக்கப் போதும். மரை போயிருந்தால், 6 மில்லிமீட்டர் திருகாணிக்கு 6.3 மில்லிமீட்டர் துளையிட்டு, அதற்குரிய டேப்பால் மரை வெட்டி, ஹெலிகாயில் என்னும் சுருள் கம்பியைப் பதிக்கலாம். எஃகுச் சுருள் என்பதால் இது பல நேரம் பழைய அலுமினிய மரையைவிட உறுதியாகவே இருக்கும். 8 மில்லிமீட்டராகப் பெரிதாக்குவது மலிவானது. சுற்றியுள்ள சுவர் மெலிந்துவிடும் என்பதால் அது கடைசி வழி.

திரும்பப் பூட்டும்போது மரையில் ஆன்டி-சீஸ் பசை தடவ வேண்டும். அது இல்லையென்றால் கொஞ்சம் கிரீஸாவது வேண்டும். உப்புநீர் படும் இடங்களில் இதை விடவே கூடாது. பசை தடவிய மரையில் உராய்வு குறைவதால், உலர்ந்த நிலைக்குச் சொல்லப்பட்ட அதே முறுக்கில் இறுக்கினால் திருகாணி அளவுக்கு மீறி இழுபடும். சற்றுக் குறைத்தே இறுக்க வேண்டும். தலை தேய்ந்த ஸ்டார் திருகாணிகளுக்குப் பதிலாக ஆலன் தலைத் திருகாணிகளைப் போடுவது நல்ல மாற்றம். அவற்றின் நீளம் மட்டும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஒரே மூடியில் பல நீளத் திருகாணிகள் இருப்பது வழக்கம்; நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டால் அது அடியில் முட்டி வார்ப்பை வெடிக்கச் செய்யும். மூடியின் உருவத்தை ஓர் அட்டையில் வரைந்து, கழற்றும்போதே ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தால் இந்தக் குழப்பம் வராது.